எல்லையில் நின்ற எண்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு 'இன்னொரு சுத்து' என்று பெயர். நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான் இந்தப் பட்டம். அவளுக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை, ஏனென்றால் பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்கு முடிந்து, திரையில் எண்கள் வந்து நின்று, எல்லோரும் பையைத் தோளில் மாட்டுகிற நேரத்தில்தான் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும். "எதுக்கும் இன்னொரு சுத்து விட்டுப் பார்த்துடலாம்."

செருப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடப்பாள், திரும்ப நடப்பாள், கடைக்காரர் பொறுமையிழந்து அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கூட வேலை பார்த்த ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, இன்னொரு தடவை யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவன் அவளுடைய தம்பி. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அப்போதெல்லாம் அவர்களுக்குள் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

அவள் வேலை என்னவென்றால், சோலார் பேனல்களுக்கு நாடி பார்ப்பது. இருட்டறையில் பேனலை நிறுத்தி, பெரிய விளக்கைப் பளிச்சென்று அடித்து, அது தரும் மின்னோட்டத்தை அளப்பார்கள். அளந்ததைத் திரையில் போட்டால் ஒரு கோடு வரும். சமதரையில் கொஞ்ச தூரம் போய், தோள்பட்டை மாதிரி வளைந்து, சடாரென்று கீழே இறங்கும் கோடு. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு பேனலின் உள்ளே ஒளிந்திருக்கும் ஐந்து எண்களைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் எவ்வளவு மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது, உள்ளுக்குள்ளேயே எவ்வளவு வீணாகிறது, வரும் வழியில் எவ்வளவு தடை, பக்கவாட்டில் எவ்வளவு கசிவு, கடைசியாக, பேனல் இலட்சிய நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் ஓர் எண். மூடிய கதவுக்கு வெளியே நின்று, காதில் விழும் பேச்சை மட்டும் வைத்து, உள்ளே யார் யார் எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று சொல்வதைப் போன்ற வேலை அது.

நேராகச் சூத்திரம் போட்டு இந்த ஐந்தையும் எடுக்க முடியாது. குத்துமதிப்பாக ஐந்து எண்களில் தொடங்க வேண்டும். அவற்றை வைத்துப் புரோகிராம் ஒரு கோடு வரையும், அளந்த கோட்டோடு ஒப்பிடும், வித்தியாசத்தைப் பார்த்து எண்களைக் கொஞ்சம் திருத்தும், மறுபடி வரையும். இனிமேல் வித்தியாசம் குறையாது என்ற இடம் வந்ததும் நின்றுவிடும். தொடக்கத்திலிருந்து நிற்கும்வரை ஓடுகிற அந்த ஓட்டத்தைத்தான் அவர்கள் ஒரு சுற்று என்பார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோட்டின் தோள்பட்டை சரிந்திருந்தால், வழியிலுள்ள தடை அதிகமாக இருக்கலாம். அல்லது அந்த ஐந்தாவது எண் கூடியிருக்கலாம். கோட்டுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, யார் தலையில் பழியைப் போட்டாலும் ஏறக்குறைய பொருந்திவிடும். ஒன்றைக் கட்டிப்போட்டால் அதன் பாரத்தை இன்னொன்று சத்தமில்லாமல் தூக்கிக்கொள்ளும்.

அதனால்தான் அவளுக்கு ஒரு சுற்று போதாது. முதல் சுற்றில், பேனல் செய்தவர்கள் கொடுத்த எல்லைகளைப் போட்டு, அதற்குள் மட்டும் தேடச் சொல்வாள். சீக்கிரம் முடியும். இரண்டாவது சுற்றில் எல்லைகளை அகலத் திறந்துவிட்டு, வேறெங்கோ தொலைவிலிருந்து தொடங்குவாள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். மற்றவர்களுக்கு வீடு போய்ச் சேர வேண்டிய அவசரம். அவளுக்கு என்ன அவசரம், போனால் காத்திருப்பது ஒரு கட்டிலும் நாற்காலியும்தானே என்று பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவளுக்கென்று இருந்தவன் தம்பி ஒருவன்தான். அப்பா அம்மா போனபோது அவள் கல்லூரியில் இருந்தாள், அவன் பள்ளிக்கூடத்தில். அவனைப் படிக்க வைக்க அவள் படாத பாடு பட்டாள், படிப்பு அவன் இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் கைவேலை என்றால் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூரைமேல் சோலார் பேனல் மாட்டும் வேலைக்குப் போய், சில வருடங்களிலேயே தனக்கென்று உரிமம் வாங்கினான், கல்யாணமும் செய்துகொண்டான். "நீ கீழ உட்கார்ந்து அதோட ஜாதகம் பாரு, நான் மேல ஏறி அதுக்கு வீடு கட்டிக் குடுக்கிறேன்" என்பான். அவனுக்கு ஒரு பெருமை உண்டு. பேனலுக்குப் பேனல் ஒயரை இணைக்கும் முனைகளைச் செருகும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழாமல் அடுத்ததுக்கு நகரமாட்டான். பக்கத்தில் யாராவது பாட்டுப் போட்டால் நிறுத்தச் சொல்லுவான்.

அப்படி அவன் மாட்டிய கூரைகளில் ஒன்று, ஒரு துணிக் கிடங்கின் கூரை. ஒரு மத்தியானம் அது தீப்பிடித்தது.

கிடங்கின் காவலாளி வயதானவர். வேலை நடந்த நாட்களில் தம்பிக்குத் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தவர். தீயை அணைக்கிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் ஏணியில் ஏறினார். புகையில் விழுந்தவரை இறக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தீ ஆரம்பித்த இடம் ஒரு பேனலின் முதுகும் ஒயர் முனையும் சந்திக்கிற இடம். இரண்டும் உருகி ஒன்றாகிப் போயிருந்ததால் எது முதலில் சூடானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பேனலுக்குள் கம்பிகளைச் சேர்க்கும் பற்றவைப்பு சரியில்லாமல் தடை ஏறியிருந்தால் பழி பேனல் செய்தவர்கள்மேல். பேனல் நன்றாக இருந்தால், முனையைச் சரியாகச் செருகாதவன்மேல். அதே கூரையில் எரியாமல் தப்பிய பேனல்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவை வந்து இறங்கிய இடம் அவளுடைய சோதனைக்கூடம்.

அவள் உடனே தலைவரிடம் போனாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்பதால் அவருக்குக் 'கையெழுத்து' என்றே பெயர்.

"சார், இது என் தம்பி மாட்டினது. நான் இதைத் தொடக் கூடாது. வேற யாராவது பார்க்கட்டும்."

"வேற யாரும்மா இருக்கா? உன்னை விட்டா அந்தப் புரோகிராமை ஓட்டத் தெரிஞ்ச ஆளே இல்ல. கம்ப்யூட்டருக்குத் தம்பியா தெரியும், தங்கச்சியா தெரியும்? நீ நேர்மையானவ. பார்த்துக் குடு."

அன்று சாயங்காலம் தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அக்கா, ஒவ்வொண்ணுலயும் டிக்குனு சத்தம் கேட்டேன். சத்தியமா கேட்டேன். நீ நல்லாப் பாரு, அது போதும்." எனக்குச் சாதகமாகப் பார் என்று அவன் கேட்கவில்லை. நல்லாப் பாரு என்றுதான் கேட்டான். அவளுக்கு ஏனோ இரண்டும் ஒன்றாகக் கேட்டது.

முதல் சுற்று ஓடியது. கோடு பொருந்தியது. தடை, செய்தவர்கள் சொன்ன எல்லைக்குள் இருந்தது. ஐந்தாவது எண் கொஞ்சம் கூடுதல், கூரையில் வெயிலில் கிடந்த பேனல்களில் அப்படி இருப்பது சகஜம்தான். பேனல்கள்மேல் குறையில்லை. அப்படியென்றால் குறை யார்மேல் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கை வழக்கம்போல எல்லைகளைத் திறக்கப் போனது, பாதியில் நின்றது. எதற்காக இன்னொரு சுற்று? வந்த விடை பிடிக்கவில்லை என்பதாலா? பிடித்த விடை வரும்வரை ஓட்டிக்கொண்டிருப்பாளா? அக்கா தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று ஊர் சொல்வது இருக்கட்டும், அவளே அதை நினைத்துவிட்டாள். எண்களை அப்படியே எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து கையெழுத்துப் போட்டார்.

ஊர்பேர் தெரியாத பேனலுக்கெல்லாம் இரண்டாவது சுற்று ஓட்டியவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள். கூடப் பிறந்தவன் என்று பார்க்காமல் எழுதிக் கொடுத்தாளே, இந்தக் காலத்தில் யார் செய்வார் என்றார்கள். அந்தப் பாராட்டு அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது, ஆனாலும் அவள் அதைத் துப்பவில்லை.

தம்பி வேலை பார்த்த நிறுவனம் அவனைக் கைகழுவியது. உரிமம் போயிற்று. அவன் சண்டை போடவில்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். "நீ பார்த்தியா அக்கா?" என்று மட்டும் கேட்டான். "பார்த்தேன்டா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. தீப்பிடித்த அன்று எல்லா முனையிலும் சத்தம் கேட்டதாகச் சொன்னவன், சில மாதம் கழித்து, கடைசி வரிசையில் கேட்டேனா என்று சந்தேகமாக இருக்கிறது என்றான். அப்புறம், மழை வருவது போலிருந்தது, கொஞ்சம் அவசரப்பட்டேன் என்றான். அப்புறம், எந்த முனை என்றே சொன்னான். கையில் வியர்வை வழுக்கியது, பாதிதான் உள்ளே போனது, சத்தமே வரவில்லை, வரும் வரும் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன் என்றான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் திருத்தினான். அவள் எழுதிக் கொடுத்த விடையோடு தன் ஞாபகம் பொருந்துகிறவரை திருத்திக்கொண்டே போனான். பொருந்தியதும் நின்றான். ஒரு பயலுக்கு உண்மையை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் பிடிக்கிறதே என்று அவள் நினைத்தாள். சொல்லக் கூடாதுதான், அவன் ஒப்புக்கொண்டபோது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவன் இப்போது ஒரு செருப்புக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். கீழ் அடுக்கில் மட்டும். மேல் அடுக்கில் வைக்க வேண்டுமென்றால் வேறு ஆளைக் கூப்பிடுவான். வீட்டில் பல்ப் போனால் அவன் மனைவிதான் ஸ்டூலில் ஏறி மாற்றுகிறாள். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பான். மாதா மாதம் காவலாளியின் மனைவியைப் பார்க்கப் போகிறான். வீட்டுக்காரர் சாவுக்குத் தான்தான் காரணம் என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அந்த அம்மா என்ன செய்வார், அவரும் சேர்ந்து அழுதிருக்கிறார். இப்போது அவருக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது, மருந்து வாங்கிக் கொடுப்பது எல்லாம் இவன்தான்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் அதே ஆட்கள் செய்த அதே ரகப் பேனல்கள், வேறெங்கோ ஒரு பண்ணையிலிருந்து, வழக்கமான சோதனைக்கு வந்தன. தீயில்லை, சாவில்லை, தம்பியில்லை. அதனால் அவள் வழக்கம்போல வேலை பார்த்தாள். முதல் சுற்றில் தடை எல்லைக்குள் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த பேனல்களைப் போட்டபோது, தடை மட்டும் கடைசித் தசமம்வரை ஒரே எண்ணாக வந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட முகத்தில் எங்காவது ஒரு வித்தியாசம் இருக்கும். எண் எல்லைக்குள் இல்லை, எல்லைமேலேயே நின்றது. சுவரில் முட்டிக்கொண்டு, அப்பால் போக வழியில்லாமல் நின்றது.

இரண்டாவது சுற்றில் எல்லையைத் திறந்துவிட்டாள். தடை ஓடியே போய்விட்டது. முன்பு காட்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்த்தான் நின்றது. கூடிக் கிடந்த ஐந்தாவது எண் தானாகச் சரியான இடத்துக்கு இறங்கியது. அதுவரை அது தூக்கிக்கொண்டிருந்தது தடையின் பாரத்தை.

துணிக் கிடங்குப் பேனல்களின் அளவுகள் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருந்தன. அவள் ஒரு சுற்று ஓட்டினாள். அன்று ஓட்டாத சுற்று. தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, அங்கேயும் தடை எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது.

எல்லையைத் தாண்டவே முடியாதபடி தேடச் சொல்லிவிட்டு, எல்லையைத் தாண்டவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கையெழுத்து முதலில் மழுப்பினார். "விடும்மா, முடிஞ்சுபோன விஷயம். நீ தம்பிக்காக மாத்துறேன்னுதான் பேசுவாங்க" என்றார். அவள் விடவில்லை. வேறொரு கூடத்துக்கு அனுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அங்கேயும் அதே விடைதான் வந்தது. பேனலுக்குள் பற்றவைப்பு சரியில்லை, தீ அங்கேதான் பிறந்தது, மாட்டியவன்மேல் குற்றமில்லை. உரிமத்தைத் திருப்பித் தருவதாகக் காகிதமும் கொடுத்தார்கள். அவளுடைய நாற்காலியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்காக அவள் வருந்தவில்லை, வருந்த அவளுக்கு வேறு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் உட்கார்ந்து காவலாளி மனைவியின் பழைய மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லை, முட்டிக்கொண்டு நின்ற எண், ஓட்டாத சுற்று, இன்னொரு கூடத்தின் விடை. எதையும் மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்டாள். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கத்துவான், அவளை வெளியே போகச் சொல்வான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். அவன் சிரித்தான். வாஞ்சையான சிரிப்பு.

"எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்க அக்கா."

"உனக்காக இல்லடா. நிஜமாவே அப்படித்தான். நீ சரியாத்தான் மாட்டியிருக்க. அன்னைக்கு நீயே சொன்னியே, எல்லாத்துலயும் சத்தம் கேட்டேன்னு."

"அது பயத்துல சொன்னது. சத்தம் வரல. அந்த வழுக்கல் இன்னும் விரல்ல இருக்கு." விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினான். "உனக்கு மனசு கேட்கல, எப்படியோ ஒரு வழி கண்டுபிடிச்சிட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?"

"இன்னொரு லேப்ல பார்த்துச் சொல்லியிருக்காங்கடா."

"நீ எங்க இடிக்குதுன்னு காட்டியிருப்ப, அவங்க அங்க பார்த்திருப்பாங்க." அவன் குரலில் துளிக்கூடக் கோபமில்லை. "ஒண்ணு சொல்லவா? எனக்கு எல்லாம் போனப்ப, ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்துச்சு. எங்க அக்கா எனக்காகக்கூட வளையலன்னு கிடங்குல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அதைக் கெடுத்துடாத."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை, மறுபடியும் முதல்லேர்ந்து யோசிச்சுப் பாருடா. அந்தக் கடைசி வரிசையை. எனக்காக."

"வேணாம் அக்கா. ரொம்ப கஷ்டப்பட்டு ஒரு இடத்துல வந்து நின்னிருக்கேன். இன்னொரு சுத்து வேணாம்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மிக்சியின் திருகுகளைப் பொறுக்கத் தொடங்கினான். "அந்தம்மா நாளைக்கு இதைக் கேட்பாங்க."

அவள் கொண்டுவந்த உரிமக் காகிதம் நாற்காலிமேலேயே கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

அவள் மாடிப்படியில் இறங்கும்போது தம்பி மனைவி பின்னாலேயே வந்தாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண்கள் சிவந்திருந்தன. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, எங்கிட்ட மட்டுமாவது நிஜத்தைச் சொல்லுங்க. அவருக்காகத்தானே?"

"இல்லம்மா. கணக்கு நிஜம். அவன்மேல தப்பே இல்ல."

தம்பி மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்றரை வருடத்தில் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒரு தடவை நினைத்துப் பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"யார் யார் பேனலுக்கெல்லாமோ இன்னொரு சுத்து விடுவீங்களே அண்ணி. அதைச் சொல்லித்தான் அவர் உங்களைக் கேலி பண்ணுவார். அன்னைக்கு அவருக்கு ஏன் விடல?"

அவள் பதிலைத் தேடவில்லை. அது அவளிடம் ரொம்ப நாளாகவே இருந்தது.

"அவன் என் தம்பிங்கிறதால."

மேலே அவன் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். சமையலறை பல்ப் போய்விட்டதாம், ஸ்டூலைப் போட்டுவிட்டானாம். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள்.